ஒரு மஸ்டாங், கால் மைல், டயரில் எவ்வளவு காற்று?

"டிராக் ரேஸ் ஓட்டப் போறேன், பின் டயர்ல எவ்வளவு காத்து வைக்கலாம்?" என்று கேட்டால், யோசிக்காமல் ஓர் எண்ணைச் சொல்லிவிடுபவர்கள் எல்லா ட்ராக்கிலும் உண்டு. பெரும்பாலும் அந்த எண் பொய்யாக இருக்காது. வேறு யாருடைய டயருக்கோ சரியான எண்ணாக இருக்கும். இந்த ஆய்வு அப்படி இரவல் வாங்கிய ஓர் எண்ணிலிருந்துதான் தொடங்கியது. டிராக் ரேஸ் என்றால், நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்ப்பாதையில் கால் மைலை, அதாவது சுமார் 400 மீட்டரை, யார் முதலில் கடக்கிறார் என்ற போட்டி.

கார், 2018 ஃபோர்ட் மஸ்டாங் ஜிடி. 5 லிட்டர் வி8, 460 குதிரைத்திறன், 10 கியர் ஆட்டோமேட்டிக். இன்ஜினில் யாரும் கை வைக்கவில்லை. பின்பக்கம் 275/40R19 அளவில் தெரு டயர். கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டு 32 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைக்கச் சொல்கிறது. கார் டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் குடியிருக்கும் மதுரைக்காரத் தம்பி ஒருவருடையது. ஸ்டியரிங் அவர் கையில், கேஜும் நோட்டும் என் கையில்.

ஓடிய இடம் டாலஸுக்குத் தெற்கே எனிஸ் ஊரில் இருக்கும் டெக்சாஸ் மோட்டார்பிளெக்ஸ். பில்லி மேயர் 1986-இல் கட்டிய ட்ராக். கால் மைல் முழுக்கக் கான்கிரீட்டில் போட்டது அந்தக் காலத்தில் புதுசு. டிராக் ரேஸ் வீரர் எடி ஹில் 1988 ஏப்ரலில் கால் மைலை 4.990 விநாடியில் ஓடி, ஐந்து விநாடிக் கோட்டை முதன்முதலாகத் தாண்டியதும் இங்கேதான். பிடி கிடைக்கவில்லை என்றால் பழியைத் தரை மேல் போட்டுத் தப்பிக்க முடியாத இடம் என்பதற்காகச் சொல்கிறேன். தவறு எங்கேயாவது இருந்தால் அது டயரிலோ வலது காலிலோதான்.

தம்பி இதற்கு முன்பே அங்கே ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தார். பக்கத்து வரிசையில் நின்ற ஒருவர் "18-க்கு இறக்கு" என்று சொல்ல, இவரும் இறக்கியிருக்கிறார். பச்சை விளக்கு விழுந்ததும் கார் வாலை ஆட்டிக்கொண்டு, பாதி தூரம் வரை சரியாகப் பிடிக்காமலே போயிருக்கிறது. "அண்ணே, இன்னும் இறக்கிப் பார்ப்போமா?" என்பதுதான் என்னிடம் வந்த கேள்வி. அந்தப் பக்கத்து வரிசைக்காரர் காரில் மாட்டியிருந்தது ஸ்லிக், அதாவது பட்டனே இல்லாமல் மொட்டையாகச் செய்த ரேஸ் டயர். அதன் சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர், துணிபோல மடங்கும். அதற்கு 18 என்பது அதிகம்கூட. இவருடையது 40 சீரிஸ் தெரு டயர். சைடுவால் குட்டை, முரட்டு விறைப்பு. இரண்டுக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்?

காற்றை இறக்கினால் பிடி ஏன் கூடுகிறது, எங்கே நின்றுவிடுகிறது

உராய்வுக்கும் பரப்புக்கும் தொடர்பில்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ரப்பர் அந்தப் பாடத்துக்குக் கட்டுப்படாது. ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் விழும் சுமை கூடக்கூட, கிலோ ஒன்றுக்கு ரப்பர் தரும் பிடி குறைந்துகொண்டே போகும். அதே சுமையை அகலப் பரப்பிவிட்டால் பிடி ஏறும்.

தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். ஆளோடு சேர்த்து இந்த வண்டி சுமார் 1,790 கிலோ. நிற்கும்போது அதில் 820 கிலோ பின் சக்கரங்கள் மேல் இருக்கிறது. 0.8 ஜி முடுக்கத்தில் பாயும்போது இன்னொரு 250 கிலோவுக்கு மேல் முன்னாலிருந்து பின்னால் சாய்கிறது. ஆக, பின் டயர் ஒவ்வொன்றின் மேலும் ஏறக்குறைய 540 கிலோ. 32 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ. அந்தச் சுமையைத் தாங்க 240 சதுர சென்டிமீட்டர் ரப்பர் தரையில் பட வேண்டும். 24 பிஎஸ்ஐக்கு இறக்கினால் 320 தேவைப்படும். டயரின் அகலம் மாறப்போவதில்லை என்பதால், கூடுகிற பரப்பு முழுக்க நீளவாக்கில்தான் வரும். தரையில் படும் ரப்பரின் பதிவு 10 சென்டிமீட்டர் நீளமாக இருந்தது 13 ஆகிறது. டிராக் ரேஸுக்கு வேண்டியதும் அந்த நீளம்தான்.

இது காகிதக் கணக்கு. நிஜத்தில் சுமையின் ஒரு பங்கைச் சைடுவாலே தாங்கிக்கொள்கிறது. விறைப்பான டயரில் அந்தப் பங்கு பெரிது. அதனால் காற்றை இறக்கினாலும் கணக்குப்படி பதிவு நீள்வதில்லை. ஓர் எல்லைக்குக் கீழே போனால் நிலைமை தலைகீழாகிறது: பட்டனின் நடுப்பகுதி மேலே எக்கிக்கொள்ள, இரண்டு ஓரங்களும் மட்டும் தரையில் அழுந்துகின்றன. வாங்கிய பரப்பு கையைவிட்டுப் போகிறது, ஓரத்து ரப்பர் மட்டும் சூடேறுகிறது. ஆக, ஒவ்வொரு டயருக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. மேலே இருந்தாலும் நேரம் வீண், கீழே இருந்தாலும் நேரம் வீண். நாங்கள் தேடியது அந்தப் பள்ளத்தின் அடி எங்கே, அது எவ்வளவு அகலம் என்பதை.

எதை வைத்து அளப்பது

ஒரு ஓட்டம் முடிந்ததும் கையில் தரும் ஸ்லிப்பில் எல்லோரும் முதலில் பார்ப்பது கால் மைல் நேரத்தை. காற்றழுத்தம் தேடுபவர் பார்க்க வேண்டியது மேலே இருக்கும் 60 அடி நேரத்தை. கார் கிளம்பி முதல் 18 மீட்டரைக் கடக்க எடுக்கும் நேரம் அது. டயர் செய்கிற வேலையும் செய்யாத வேலையும் அங்கேயே தெரிந்துவிடும். அங்கே பத்தில் ஒரு விநாடி மிச்சம் பிடித்தால் கடைசியில் அது ஒன்றரை மடங்காகத் திரும்ப வரும் என்பது டிராக் ஆட்களின் பழைய கணக்கு. எங்கள் ஸ்லிப்களும் அதையே சொல்லின.

கடைக்கோட்டு வேகம் இன்னொரு சாட்சி. அது பெரும்பாலும் இன்ஜின் எவ்வளவு பலம் தந்தது என்பதைச் சொல்லும். நேரம் மாறி, கடைக்கோட்டு வேகம் மாறாமல் இருந்தால் வித்தியாசம் டயரில். வேகமும் சேர்ந்து விழுந்தால், வெக்கையா, இன்ஜின் சூடா என்று பார்க்க வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்காமல் காற்றைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால் விடியும்வரை ஆடலாம்.

மற்றதெல்லாம் அசையாமல் இருக்கட்டும் என்று வைத்தோம். பிரேக்கை அழுத்திப் பிடித்து 1,600 ஆர்பிஎம், அங்கிருந்தே கிளம்பல்; சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் ட்ராக்ஷன் கண்ட்ரோல் அணைப்பு; டேங்கில் பாதிப் பெட்ரோல்; முன் டயரில் 38 பிஎஸ்ஐ. முன் டயர் சும்மா உருளுகிறது, அதில் காற்று கூடுதலாக இருந்தால் இழுவை குறையும். டயர் ஓரத்தில் பொறித்திருக்கும் உச்ச அளவை மட்டும் தாண்டக் கூடாது. கிளம்பும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றையில் முன் சக்கரம் எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பதும் 60 அடி நேரத்தை மாற்றிவிடும். அதனால் சக்கரம் அந்தக் கற்றையைத் தொட்டதைக் காட்டும் இரண்டாவது விளக்கு எரிந்த கணமே நிறுத்திவிட வேண்டும் என்று தம்பியிடம் கறாராகச் சொல்லியிருந்தேன். இந்த ஒழுங்கு இல்லாதவர்கள் எடுக்கும் 60 அடி நேரத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கேஜ் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோல் பங்க்கில் தொங்குகிற கேஜ் இரண்டு மூன்று பிஎஸ்ஐ பிசகினாலும் தெருவில் யாருக்கும் தெரியாது. இங்கே அரை பிஎஸ்ஐயைத் துரத்துகிறோம். நல்ல கேஜ் ஒன்று வாங்கி, கடைசிவரை அதே கேஜில் அளக்க வேண்டும். டாட்ஜ் கம்பெனி 2018-இல் சேலஞ்சர் டீமன் காரை டிராக் ரேடியல் டயரோடே ஷோரூமில் விற்றபோது, 1 டாலருக்குக் கொடுத்த கருவிப் பெட்டியில் ஜாக்கியோடு காற்றழுத்தக் கேஜும் வைத்திருந்தது. டீமன் வாங்கியவரிடம் பங்க் கேஜை நம்பச் சொல்ல அவர்களுக்கே மனம் வரவில்லை போலும்.

தெரு டயர்: 32-இலிருந்து கீழே

அளவெல்லாம் வரிசையில் நிற்கும்போது, ஓட்டத்துக்குச் சற்று முன் எடுத்தவை.

முதலில் 32. 60 அடி 2.14, கால் மைல் 12.51, கடைக்கோட்டில் 116 மைல் வேகம். கிளம்பியதும் பின் சக்கரம் சுற்றுவது வெளியே நின்ற எனக்கே கேட்டது. 28-க்கு இறக்கியதும் 60 அடி 2.04. அடுத்து 26, அதில் 1.99; கால் மைல் 12.28. கடைக்கோட்டு வேகம் அசையவில்லை. தம்பிக்கு உற்சாகம் தாங்கவில்லை. 24-க்குப் போனோம்: 1.98.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1.99-க்கும் 1.98-க்கும் உள்ள வித்தியாசம் முன்னேற்றம் இல்லை. அதே அழுத்தத்தில் இரண்டு முறை ஓடினாலே அந்த அளவு முன்பின் வரும். பள்ளத்தின் அடிக்கு வந்துவிட்டோம், அடி தட்டையாக இருக்கிறது என்றுதான் அதைப் படிக்க வேண்டும். உறுதிப்படுத்திக்கொள்ள 20-க்கு இறக்கினோம்: 2.03. கிளம்புவது மெத்தென்று இருந்தாலும் முதல் கியர் மாறும்போது பின்பக்கம் நெளிந்தது என்றார் தம்பி. கதையை அங்கே முடிக்காமல் திரும்ப 26-க்கு ஏற்றி ஓடச் சொன்னேன். மறுபடி 1.99. திரும்பிப் போய் அதே விடை வந்தால்தான் அது டயர் சொன்ன விடை. இல்லாவிட்டால், மாலை குளிர்ந்ததால் வந்த லாபத்தை டயர் கணக்கில் எழுதிவிடுவோம்.

டயர் மேலேயும் இதே செய்தி எழுதியிருந்தது. ஷூவுக்குப் போடும் வெள்ளை பாலிஷால் பட்டன் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்து, கார்கள் நிற்கும் பிட்டிலிருந்து வரிசைவரை மெல்ல உருட்டிப் போய்ப் பார்ப்பது வழக்கம். 32-இல் நடுக்கோடு அழிந்து இரண்டு ஓரமும் வெள்ளையாக நின்றது. 26-இல் ஒரே சீராக மங்கியிருந்தது. 20-இல் ஓரங்கள் கறுத்து, நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை அப்படியே இருந்தது. மெல்ல உருளும் டயருக்கும் 540 கிலோவைத் தாங்கிப் பாயும் டயருக்கும் வித்தியாசம் உண்டு. அதனால் பாலிஷ் கோடு துப்புக் கொடுக்கும், தீர்ப்புச் சொல்வது ஸ்லிப்தான்.

26-ஆ 24-ஆ? நான் 26 என்றேன். நேரம் ஒன்றே என்றால் காற்று அதிகம் இருக்கும் பக்கம் நிற்பது நல்லது. 116 மைல் வேகத்தில் கார் நெளியாது. இன்னொரு காரணம் டேஷ்போர்டில் இருக்கிறது: கதவுச் சீட்டு அளவில் 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும் என்பது அமெரிக்க விதி. 32-க்கு அது 24. விளக்கு எரிந்தால் கண் அங்கே போகும்.

தெரு டயரில், கிளம்பும் இடத்துக்கு முன்னால் இருக்கும் தண்ணீர்ப் பள்ளத்துக்குள் போய் பர்ன்அவுட் போடுவது, அதாவது சக்கரத்தைச் சுழலவிட்டு டயரைச் சூடேற்றுவது, பற்றியும் சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள். பட்டன் இடுக்கில் தண்ணீரைச் சுமந்து போய்க் கிளம்பும் இடத்தில் கொட்டுவீர்கள். பின்னால் நிற்பவர்கள் வாயில் விழ வேண்டியிருக்கும். தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போய், ஒட்டியிருக்கும் மண்ணும் பொடிக்கல்லும் உதிரும் அளவுக்கு ஒரு சின்னச் சுழற்று சுழற்றினால் போதும். தெரு ரப்பர் அதிகம் சூடானால் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும்.

வெயில் பட்ட பக்கம்

26-இல் எடுத்த ஓட்டங்களில் ஒன்றில் கார் கிளம்பியதுமே வலப்பக்கம் இழுத்தது. கோணல் ஸ்டியரிங்கா, ட்ராக்கில் வழுக்கலா என்று யோசித்துக்கொண்டே வரிசைக்குத் திரும்பியதும் டயரை அளந்தேன். இடது டயர் வலதைவிட ஒன்றேகால் பிஎஸ்ஐ அதிகம். கார் நின்ற இடத்தில் இடப்பக்கம் மேற்கைப் பார்த்திருந்தது. சாயங்கால வெயில் முழுக்க அந்த ஒரு டயர் மேல். காற்று கூடிய டயர் கொஞ்சம் உயரம் கூடும், ஒரு சுற்றில் கூடுதல் தூரம் தள்ளும். கார் மறுபக்கம் திரும்பப் பார்க்கும். இரண்டையும் சமமாக்கியதும் நேராகப் போனது. பழகிய ஆட்கள் வெயில் பக்கத்து டயர் மேல் துணி போட்டு மூடி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அது பந்தா இல்லை.

வெப்பக் கணக்கில் இன்னொரு சிக்கல். 10 ஃபாரன்ஹீட் மாறினால் 1 பிஎஸ்ஐ மாறும் என்பது எல்லோரும் சொல்லும் சூத்திரம். ஆனால் காற்றின் விதி கேஜ் காட்டும் எண்ணைப் பார்ப்பதில்லை; வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்துப் பார்க்கிறது. 32 பிஎஸ்ஐ டயரில் அந்த 10 டிகிரிக்கு 0.86 மாறும். 18 பிஎஸ்ஐ டயரில் 0.6 தான். குறைந்த அழுத்தத்தில் ஓடுபவர் தெரு டயர் சூத்திரத்தை அப்படியே போட்டால் தேவைக்கு மேல் திருத்திவிடுவார். சூரியன் இறங்கிய பின் காற்று 30 டிகிரி செல்சியஸிலிருந்து 21-க்கு வந்தது. ஒவ்வொரு முறையும் வரிசையில் நின்று அளந்து சரிசெய்யாமல் இருந்திருந்தால், இரவுப் பாதியில் எங்கள் 26 தானாகவே 25-க்குக் கீழே நழுவியிருக்கும்.

டிராக் ரேடியல் மாட்டியபோது

பிறகு ஒரு முறை, 17 அங்குல ரிம்மில் 305 அகல டிராக் ரேடியலோடு வந்தோம். தெருவில் ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் டயர்தான். ரப்பர் மிருது, பட்டன் பெயருக்கு, சைடுவால் உயரம். தெரு டயருக்கு மாறாக இதற்குச் சூடு வேண்டும்: தண்ணீரில் டயரை நனைத்து, முன்னால் வந்து, புகை கிளம்பும்வரை சுழற்ற வேண்டும். முன் பிரேக்கை மட்டும் பிடித்து வைக்கும் லைன் லாக் 2015 முதலே மஸ்டாங் ஜிடியில் கம்பெனியே கொடுக்கிறது, அது கைகொடுத்தது.

20-இல் 60 அடி 1.80. 18-இல் 1.74. 16-இல் மறுபடி 1.74. 15-இல் 1.73 வந்தது, ஆனால் 110 மைல் தாண்டியதும் பின்பக்கம் படகு போல ஆடியது என்றார் தம்பி. அந்த நூறில் ஒரு பங்கு விநாடிக்காக அங்கே நிற்கத் தேவையே இல்லை. 17.5 என்று எழுதிக்கொண்டோம். கால் மைல் 11.9 வட்டாரத்துக்கு வந்துவிட்டது. பள்ளத்தின் வடிவம் தெரு டயரில் இருந்ததே. அது நின்ற இடம் மட்டும் கிட்டத்தட்ட 8 பிஎஸ்ஐ கீழே.

குறைந்த காற்றில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரிம்மிலிருந்து சைடுவால் வரை ஒரே நேர்கோடாக வெள்ளை பாலிஷ் போட்டிருந்தோம். ஓட்டத்துக்குப் பின் அந்தக் கோடு ரிம் விளிம்பில் உடைந்து, இரண்டு துண்டும் விலகி நின்றால், ரிம் சுற்றும்போது டயர் கூடவே சுற்றாமல் வழுக்கியிருக்கிறது என்று அர்த்தம். 15-இல் அரை விரல் அளவு விலகியிருந்தது. 18-இல் கோடு அப்படியே இருந்தது. 15-ஐ ஒதுக்க எனக்கு இந்த அரை விரலே போதும். ஆட்டம் அதற்கு மேல்.

சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஓட்ட நினைப்பவர்களில் பலரிடம் இருப்பது முன் சக்கரம் இழுக்கும் ஹேட்ச்பேக். அவர்கள் இந்த எண்களைத் தொடவே கூடாது. கிளம்பும்போது எடை பின்னால் சாயும். அதாவது இழுக்கிற சக்கரத்திலிருந்து பாரம் விலகும். காற்று இறக்க வேண்டியது முன் டயரில், கூட்ட வேண்டியது பின் டயரில். முன் டயர் ஸ்டியரிங்குக்கும் பொறுப்பு என்பதால் இரண்டிரண்டு பிஎஸ்ஐயாக இறக்காமல் ஒவ்வொரு பிஎஸ்ஐயாக இறக்குவது நல்லது. கதவுச் சீட்டு அளவிலிருந்து தொடங்கி, 60 அடி நேரம் முன்னேறுவது நின்ற இடத்தில் நிறுத்தி, ஒரு படி மேலே ஏறித் திரும்ப ஓடிப் பார்க்கும் முறை மட்டும் அப்படியே பொருந்தும்.

வீட்டுக்குப் போகும் முன்

டிராக் அழுத்தம் அரை நிமிட வேலைக்கானது. அதே காற்றோடு ஐ-45 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் சைடுவால் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி உள்ளுக்குள் சூடேறும். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்ற விவகாரத்தில், பட்டன் பிரிந்து ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்ந்ததற்குக் காற்றழுத்தமும் வெப்பமும் சேர்த்தே விவாதிக்கப்பட்டன. அதே ஆண்டு அமெரிக்காவில் வந்த சட்டத்தின் வழியாகத்தான் இன்று அங்கே விற்கும் ஒவ்வொரு புதுக் காரிலும் அந்த எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. 2007 செப்டம்பர் முதல் அங்கே புதுக் கார்கள் அனைத்துக்கும் அது கட்டாயம்.

ஆகவே சிகரெட் லைட்டரில் செருகும் சின்னக் கம்ப்ரஸர் ஒன்று டிக்கியில் இருக்க வேண்டும். 18-இலிருந்து 32 வரை பெரிய டயருக்குக் காற்று ஏற்ற அது நேரம் பிடிக்கும், இடையில் சூடாகி ஓய்வு கேட்கும். பர்ன்அவுட் போட்ட டயர் சூடாக இருக்கும்போதே 32 என்று நிறுத்தினால், காலையில் பார்க்கும்போது 28 காட்டும். எனவே இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாக ஏற்றிவிட்டு, மறுநாள் டயர் ஆறியதும் வாசலிலேயே சரிசெய்துகொள்ளச் சொன்னேன். வீல் நட்டுகளையும் அப்போதே இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச்சில் ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும். ரிம் மாற்றி மாட்டிய அன்று அதை விட்டுவிடக் கூடாது.